தலைப்பாகையோடு கார் பார்க்கப் போனோம்

“தம்பி, நீர்தானே மாப்பிள்ளை?”

நெடுங்கேணியில், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் பின்வளவில், அப்புத்துரை என்பவர் குனிந்து என்னிடம் இப்படிக் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது நான் இரண்டே கதவுகள் உள்ள ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாரதி இருக்கையில் இருந்தேன். காலில் ரப்பர்ச் செருப்பு, உடம்பில் கிரிக்கெட் ரீசேர்ட், தலையில் குஞ்சம் வைத்த கலியாணத் தலைப்பாகை. குஞ்சம் காரின் கூரையில் முட்டியதால் தலைப்பாகை கண்வரைக்கும் இறங்கியிருந்தது. இந்தக் கோலத்தில் இருக்கிறவன் மாப்பிள்ளை இல்லையென்றால் வேறு யார்? தலைப்பாகையை என் தலையில் வைத்த கௌசலா அக்கா காருக்கு வெளியே நின்று, குஞ்சத்துக்கும் கூரைக்கும் இடையில் விரல் போகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌசலா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதை விளங்கப்படுத்த முடியாது.

அக்கா புதுக்குடியிருப்பில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். எங்கள் பக்கத்தில் வாடகைக் கார் ஓடுகிற ஒரே பெண் அவர்தான். மீள்குடியேறி வந்த காலத்தில் கூரைத் தகரம் ஏற்றுவதற்காக லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓடப் பழகினார். பிறகு கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில், காலையில் பெண்களை ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுகிற வான் ஓடினார். அந்த வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். முல்லைத்தீவு ஆஸ்பத்திரி, வவுனியா, கட்டுநாயக்க விமான நிலையம் என்று எங்கே போனாலும் ஒரே நிதானம். “கௌசலாவின்ரை காரிலை மடியிலை தேத்தண்ணி வைச்சுக்கொண்டு போகலாம்” என்று என் அம்மா விமலேஸ்வரி சொல்வார்.

ஆனால் கலியாணம் என்று வந்தால் கார் மட்டும்தான் போகும். அக்கா போகமாட்டார். கலியாண வீட்டிலிருந்து முதல்நாள் போன் வரும். “அக்கா, காரை மட்டும் விடுங்கோ. ஓட எங்கடை பெடியன் ஒருத்தன் நிக்கிறான்.” அக்கா ஓம் என்று சொல்லிக் காரின் திறப்பைக் கொடுத்துவிடுவார். மறுநாள் கார் இருக்கையெல்லாம் பூவும் வாழ்த்தித் தூவிய அறுகரிசியுமாக, கிளச் எரிந்த மணத்தோடு திரும்பி வரும். அக்கா கூட்டித் துடைப்பார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அக்காவின் கணவர் தவராசாவை, சண்டை முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு கண்டவர் இல்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் விடவில்லை. அவர் இருக்கிறார் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. அதனால் கலியாண வீடுகளுக்குக் குழப்பம். நல்ல காரியத்தில் அக்காவை முன்னுக்கு விடலாமா, விடக்கூடாதா? எது சரியென்று தெரியாததால் விடாமல் இருந்துவிட்டால் பிழை வராது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எனக்கு அது விளங்கவே இல்லை. ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, கௌசலா அக்கா கலியாணக் கார் ஓடினால் உங்களுக்கு என்ன?”

“எனக்கென்னடா? எனக்கு ஒண்டுமில்லை. சனம் கதைக்கும்.”

“சனமெண்டா ஆர்?”

“நீ முதலிலை போய் மாட்டுக்குத் தண்ணி வை. சோதினை எழுதி முடிச்ச நாளிலையிருந்து உனக்குக் கேள்வி மட்டும்தான் வேலை.”

அம்மா சொன்னது சரிதான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு நான் சும்மா இருந்த காலம் அது. ஒரு கணினி வகுப்பில் சேர்ந்து பாதியில் விட்டேன். பகலெல்லாம் போனில் உலகத்துக் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் கார் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். ஓட மட்டும் தெரியாது.

இப்படியிருக்க, யதுர்ஷிகாவுக்குக் கலியாணம் சரிவந்தது. அவள் கௌசலா அக்காவின் தங்கையின் மகள். தங்கை குவைத்தில் வேலை செய்த வருடங்களில் அவளை வளர்த்தது அக்காதான். தலை இழுத்து, சோறு தீத்தி, வகுப்புகளுக்கு ஏற்றி இறக்கி எல்லாம். மாப்பிள்ளை மதுசன், முல்லைத்தீவுப் பெடியன். கார் பற்றிக் கதை வந்தபோது யதுர்ஷிகா, “நான் பெரியம்மாவின்ரை காரிலைதான் போவன்” என்று சொல்லிவிட்டாள். மதுசனின் தாய் சிவலட்சுமி போனில், “கார் நல்லதுதான், ஆர் ஓடுறது?” என்று கேட்டாராம். அக்கா “பாப்பம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் அக்கா எங்கள் வேலியடிக்கு வந்தார்.

“நிரோஜன், டிரைவர் இல்லாமல் ரெண்டே ரெண்டு பேர் போற வாகனம் இருக்கோடா?”

“மோட்டச் சைக்கிள் இருக்கு அக்கா.”

“விசரா, கூறைச்சீலையோடை மோட்டச் சைக்கிளிலையோ? கார் சொல்லு.”

கார் என்று கேட்டால் நான் விடுவேனா? ஜீ.ரி. கார்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு பேர் தூரப்பயணம் போவதற்கென்றே செய்தவை, நீண்ட மூக்கு, பதிந்த கூரை, பின்னால் பெட்டி வைக்க ஒரு சின்ன இடம், அவ்வளவுதான் என்று படங்களைக் காட்டினேன். அக்கா ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினார். காரின் அழகைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது இருக்கைகளை.

“அப்ப மாப்பிள்ளை ஓடுவான், பொம்பிளை பக்கத்திலை இருப்பாள். மூண்டாவது ஆளுக்கு இடமே இல்லை. இடமில்லாட்டி ஆர் ஓடுறது எண்ட கேள்வியும் இல்லை. பிள்ளையும் என்ரை காரிலை போவாள், அவையளுக்கும் கரைச்சலில்லை.”

“காசு?”

“வெள்ளைக் காரைக் குடுத்து மாத்துவம்.”

“அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆக்களை எப்பிடி ஏத்துவியள்?”

“அதைப் பிறகு யோசிப்பம்.”

வளைவில் ஹோர்ன் அடிக்காமல் திருப்பாத மனிசி, தன் பிழைப்பையே கொடுத்து ஒரு நாள் கலியாணத்துக்குக் கார் வாங்கப் போகிறாரா? தடுக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் காரில் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டாவது ஆசைதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

இரண்டு கிழமை தேடினோம். முல்லைத்தீவில் ஒருவர் “அசல் ஸ்போர்ட்ஸ் கார் நிக்குது” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நாலு கதவுச் சாதாரண கார், பின்னால் ஒரு இறக்கை பூட்டி, பக்கத்தில் நெருப்புப் படம் ஒட்டியிருந்தது. “இது பறக்குமோ தம்பி?” என்று அக்கா கேட்டார். “ஓம் அக்கா, நூறைத் தாண்டினால் பறந்த மாதிரித்தான்” என்றார் அவர். அக்கா சிரிக்காமல் திரும்பி வந்து காரில் ஏறிய பிறகு, சந்தி தாண்டும்வரைக்கும் சிரித்தார். கடைசியில் உழவு இயந்திரப் பாகங்கள் விற்கிற வீரகத்தி அண்ணைதான் சொன்னார், நெடுங்கேணியில் அப்புத்துரையிடம் ஒரு பழைய இரண்டு கதவுக் கார் நிற்கிறது, அவருக்கு இப்போது ஓடக்கூடிய நல்ல கார் ஒன்று தேவை, மாற்றினாலும் மாற்றுவார் என்று.

போகும்போது அக்கா பின் இருக்கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன். “கார் பாக்கிறதுக்கு வேணும்” என்றார். ஸ்பானர், சுத்தியல் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

ஒட்டுசுட்டான் தாண்டி, காட்டுக்கரையால் போய் அந்த ஆலையைக் கண்டுபிடித்தோம். அப்புத்துரை அறுபது தாண்டியவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தார்ப்பாயை இழுத்தார். நான் மூச்சை விட மறந்துபோனேன். கடும் பச்சை நிறம், அங்கங்கே வெயிலில் வெளுத்திருந்தது. கம்பி வைத்த சில்லுகள். யார் செய்தது என்று சொல்கிற பெயர் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பின் கதவில் ஜீ.ரி. என்ற இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது.

“அண்ணர் கொழும்பிலை வேலை செய்யேக்கை எடுத்தது. சண்டைக்குள்ளை உமி மூட்டையளுக்குப் பின்னாலை நிண்டு தப்பினது. மண்ணெண்ணெயிலையும் ஓடியிருக்கு பிள்ளை. வெள்ளிக்கு வெள்ளி ஸ்ராட் பண்ணுறனான்” என்றார் அப்புத்துரை.

அக்கா முழங்காலில் இருந்து அடியைப் பார்த்தார். கதவுகளைத் திறந்து மூடினார். கால் வைக்கிற தகட்டை ஒதுக்கினார். கீழே புல் தெரிந்தது.

“இதென்ன ஓட்டை?”

“காத்தோட்டம் பிள்ளை. வன்னி வெக்கைக்கு நல்லது.”

“மழைக்கு?”

“மழைக்கு ஆர் கலியாணம் வைக்கிறது?” என்றார் அப்புத்துரை. கலியாணம் என்று நாங்கள் வாய் திறக்கவில்லை. வீரகத்தி அண்ணை சொல்லியிருக்க வேண்டும்.

அப்போதுதான் அக்கா துணிப்பையைத் திறந்தார். உள்ளே தலைப்பாகை. மணவறை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வாங்கி வந்தாராம். “இருந்து பார். பதிஞ்ச கூரை, முட்டுதோ தெரியவேணும்” என்று என் தலையில் வைத்து உள்ளே தள்ளினார். முட்டியது. அப்போதுதான் ‘நீர்தானே மாப்பிள்ளை?’ என்ற அந்தக் கேள்வி வந்தது. நான் வாய் திறக்குமுன் அப்புத்துரையின் மனைவி நாகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னப்பா, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டோ கார் பாக்க வந்தவை? பொம்பிளை எங்கை? ஒளிச்சுக் கட்டுற கலியாணமோ? பெடியனுக்கு மீசையும் வடிவா முளைக்கேல்லை!”

“அவன் மாப்பிள்ளை இல்லை அம்மா, அளவு” என்றார் அக்கா.

அப்புத்துரை ஏதோ நினைத்தவர்போல் கூரையில் இருந்த ஒரு கொளுவியைக் கழற்றினார். கூரையின் நடுப்பகுதி வெறும் தடித்த துணி. அதைப் பின்னுக்கு மடித்தார். வெயில் உள்ளே விழுந்தது. என் தலைப்பாகை கூரைக்கு மேலே எழும்பியது, குஞ்சம் காற்றில் ஆடியது. அக்காவின் முகத்தில் அன்று முதல்முறையாக நிம்மதி தெரிந்தது.

“சரி. மாப்பிள்ளை ஓடலாம்” என்றார்.

“அது சரி” என்றார் நாகேஸ்வரி. “மாப்பிள்ளைத் தோழன் எங்கை இருக்கிறது?”

அக்கா இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த சின்ன இடத்தை எட்டிப் பார்த்தார்.

“பொம்பிளைத் தோழி? அவா பொனெற்றிலையோ ஏறுறது? நாலு பேரும் ஒண்டாத்தானே போறவை. பொம்பிளையின்ரை சீலையைத் தூக்கி உள்ளுக்கு வைக்கவே ஒரு ஆள் வேணும். உங்கடை பக்கத்திலை என்ன, வேறை மாதிரியோ?”

“அவை வேறை வாகனத்திலை வாறவை எண்டெல்லோ நான் நினைச்சனான்” என்றார் அக்கா, மெதுவாக.

“எத்தினை கலியாணத்துக்குக் கார் விட்டிருக்கிறியள் எண்டு வீரகத்தி சொன்னவர். கண்டதில்லையோ?”

“கார்தான் கண்டது. நான் காணேல்லை. திறப்பைக் குடுத்துப்போட்டு வீட்டிலை இருக்கிறனான்.”

“உங்கடை சொந்தக் கலியாணத்திலை?”

“அது சண்டைக்குள்ளை. அவரின்ரை சைக்கிள் பாரிலை இருந்து போனனான்.”

எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலைப்பாகையைக் கழற்றவா, வைத்திருக்கவா என்று தெரியாமல் இருந்தேன். அக்கா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். யதுர்ஷிகா, சிவலட்சுமி, ஆர் ஓடுறது என்ற கேள்வி. நாகேஸ்வரி கதவைப் பிடித்தபடி கேட்டார். இவராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“எங்களுக்கெண்டா ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றார் அவர். “ஆனால் சனம்...”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அம்மா சொன்ன அதே சொல். நெடுங்கேணிவரைக்கும் வந்திருக்கிறது.

அப்புத்துரை சங்கடப்பட்டு, “எடுக்கிறியோ விடுறியோ, இவ்வளவு தூரம் வந்தனீ. ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வா” என்று திறப்பை நீட்டினார்.

அக்கா சாரதி இருக்கையில் ஏறினார். நான் மற்றப் பக்கம் போனேன். தலைப்பாகை என் தலையிலேயே இருந்தது. ஏன் கழற்றவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இயந்திரம் இருமி, பிறகு ஆழமாக உறுமியது. வளவைத் தாண்டி றோட்டில் ஏறும்வரை அக்கா தன் வழக்கமான நிதானத்தில்தான் ஓடினார். நேரான றோட்டைக் கண்டதும் கியரை மாற்றினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். காலடியில் இருந்த ஓட்டையால் காற்று அடித்தது. மேலே குஞ்சம் படபடவென்று அடித்துக்கொண்டது.

முதலில் கண்டது விறகு கட்டிக்கொண்டு வந்த சைக்கிள்காரர். கால் ஊன்றி நின்று, பல் தெரியச் சிரித்துக் கை காட்டினார். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் “மாப்பிள்ளை! மாப்பிள்ளை!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். உழவு இயந்திரம் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் மாடுகள் குறுக்கே வர, அக்கா நிறுத்தினார். கடையிலிருந்து இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள்.

“கலியாணமோ?”

“ஓம்” என்றார் அக்கா.

“நல்லா இருக்கட்டும்! பொம்பிளை எங்கை?”

“இனித்தான் ஏத்தவேணும்.”

“கெதியாப் போங்கோ, நேரம் பிந்தப்போகுது!” என்று சொல்லி, அவர்களே மாடுகளைக் கலைத்து வழி எடுத்துத் தந்தார்கள். ஓடுவது யார், அவரின் கணவர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. காரையும் குஞ்சத்தையும் பார்த்தார்கள், அவ்வளவுதான். அக்காவை அங்கே யாருக்கும் தெரியாது என்பதாலா, இல்லை உண்மையாகவே அவர்களுக்கு ஒன்றுமில்லையா? நான் அதை யோசித்துக்கொண்டிருக்க, அக்கா காரைத் திருப்பினார்.

ஆலையில் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். “நல்ல கார் அண்ணை. ஆனால் எனக்குச் சரிவராது. ஆக்களை ஏத்தேலாது.”

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, காருக்காக. திரும்பி வரும்போது வெள்ளைக் கார் சத்தமில்லாமல், பழைய நிதானத்தில் ஓடியது. ஒட்டுசுட்டானில் கரையில் நிறுத்தி, அக்கா சிவலட்சுமிக்குப் போன் எடுத்தார்.

“நான் கௌசலா கதைக்கிறன். கலியாணத்துக்கு என்ரை வெள்ளைக் கார்தான். திறப்பு ஒருத்தருக்கும் தாறேல்லை, நான்தான் ஓடுவன். வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் பிள்ளைக்குச் சொல்லுறன்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஊகிக்க முடிந்தது. ஏனென்றால் அக்கா சொன்ன பதில் இது:

“சனத்தைத்தானே சொல்லுறியள்? இப்ப நெடுங்கேணியிலை கண்டிட்டுத்தான் வாறன். கை காட்டிச்சுது.”

சிவலட்சுமி ஓம் என்றும் சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம். “பாப்பம்” என்றாராம். அக்கா சொன்ன அதே சொல் அக்காவுக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து கலியாண நாள்வரைக்கும் வேறு கார் வருமா வராதா என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா தினமும் வெள்ளைக் காரைத் துடைத்தார்.

வேறு கார் வரவில்லை. கலியாணத்தன்று அக்கா குங்கும நிறச் சேலை கட்டி, பொட்டு வைத்து, சாரதி இருக்கையில் இருந்தார். தோழன் முன்னால். பின்னால் மாப்பிள்ளை, யதுர்ஷிகா, தோழி. மதுசனின் தலைப்பாகை எங்கும் முட்டவில்லை. நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வைத்தவர் ஒரு கணம் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். பிறகு விலகி நின்றார். கார் அசைந்தது. பழங்கள் நசிந்தன.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், பின்னால் நின்ற வானுக்குள் ஏறியதை நான் கண்டேன். சிவலட்சுமி காரடிக்கு வந்து அக்காவிடம் சொன்னது ஒன்றுதான்: “ஆக்கள் ஏறின பஸ்ஸுக்குப் பின்னாலை இழுபடாதேங்கோ பிள்ளை, முந்திக்கொண்டு போங்கோ.” அது மனம் மாறிய பேச்சா, நேரம் போகிற அவசரமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்காவிடம் கேட்டேன். “எனக்கும் விளங்கேல்லை. முந்திக்கொண்டு போனனான்” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு கலியாண வீடுகள் அக்காவைக் கூப்பிட்டிருக்கின்றன. மூன்று வீடுகள் வேறு கார் பார்த்திருக்கின்றன. நான் இப்போது அக்காவிடம் கார் ஓடப் பழகுகிறேன். நெடுங்கேணிக் கார் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் நிற்கிறது என்று வீரகத்தி அண்ணை சொல்கிறார்.

சனம் என்றால் யார் என்று நான் கேட்ட எவரும் தாங்கள் அதில் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சனம் கதைக்கும் என்பதில் மட்டும் எல்லாரும் உறுதியாக இருக்கிறார்கள். ஆகையால் வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை உங்கள் வீட்டில் சொல்லுங்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள், கலியாணம் வைத்திருக்கிற வீடு தெரிந்தால் கட்டாயம் அங்கே சொல்லுங்கள். சனம் கதைக்கத்தான் போகிறதென்றால், இதையும் கதைக்கட்டும்.